வக்கீலைத் தேடும் முன் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாசகரின் கடிதம்

எழுதியிருப்பவர் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தைச் சேர்ந்த 34 வயதுச் சகோதரி. தனியார் பள்ளி ஆசிரியை. ரோமன் கத்தோலிக்கர். தம் சொந்தப் பங்கு ஆலயத்தில் திருமணம் நடந்து 10 ஆண்டுகள் ஆகின்றன. 8 வயதில் ஒரு மகள். கணவர் மஸ்கட்டில் கட்டுமான நிறுவனமொன்றில் சூப்பர்வைசர். சீதனமாக 65 பவுனும், அப்பா ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்றுக் கொடுத்த ரொக்கமும் போயிருக்கின்றன. வீடு கட்ட வேண்டும் என்று நகையில் பெரும்பகுதியை அடகு வைத்தார்கள். வீடு எழும்பியது, நகை திரும்பவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் சந்தேகமும் வசவும். கடைசியாக வந்தபோது கணவர் அடித்திருக்கிறார். மகளோடு தாய்வீட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது.

சில வாரங்களுக்கு முன் மாமனார் ஒரு மனுவை டைப் செய்து கொண்டுவந்தார். "மக்களே, ரெண்டு பேரும் சேந்து எழுதிக் குடுத்தா ஆறு மாசத்துல முடிஞ்சிரும். நம்ம வக்கீலே ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுவாரு, ஒனக்குச் செலவே இல்ல" என்று கையெழுத்துக் கேட்டார். இவர் தயங்கியதும் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது: 15 நாளில் பதில் தராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தாத்தாவின் வழித்தகராறு வழக்கை நடத்திய குழித்துறை வக்கீலிடமே போவோம் என்கிறார் தாய்மாமா. திருவனந்தபுரத்தில் பெரிய வக்கீல் ஒருவரைத் தெரியும் என்கிறார் சித்தப்பா மகன். '90 நாளில் விவாகரத்து நிச்சயம்' என்று வீடியோவில் பேசும் சென்னை வக்கீலின் எண்ணை அனுப்பியிருக்கிறார் தோழி. முதலில் ஆயரின் மறைமாவட்டத்தில் திருமண ரத்துக்கு எழுதலாம், அது கிடைத்தால் கோர்ட்டே வேண்டாம் என்று கோயிலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். இலவச வக்கீல் என்றால் மானக்கேடு என்று அப்பா நினைக்கிறார். "யாரிடம் போனாலும் அன்பியக் கூட்டத்தில் (பங்கு மக்களின் சிறு குழுவில்) பேச்சாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பெண் வக்கீல்தான் நல்லதா? ஒருவரை வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதாமே? நல்ல வக்கீலை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று முடித்திருக்கிறார்.

ஆலோசனை

அன்புச் சகோதரிக்கு,

எந்த வக்கீல் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்கு இருப்பது என்னென்ன வழக்கு, அவை எந்தச் சட்டத்தில், எந்தக் கோர்ட்டில் நடக்கும்? இது தெளிந்துவிட்டால் உங்கள் முன் இருக்கும் பெயர்களில் பாதி தாமாகவே விலகிவிடும். மிச்சமிருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். பெயரில் தொடங்கி வழக்குக்கு வருகிறவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து 'யாரிடமோ போய் மாட்டிக்கொண்டேன்' என்று அழுகிறார்கள்.

மாமனார் கொண்டுவந்த மனு

அதில் கையெழுத்துப் போடாதீர்கள். விவாகரத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முடிவு உங்களுடையது. ஆனால் நீங்கள் அனுப்பிய நகலின் ஏழாவது பத்தியைப் பாருங்கள். 'மனுதாரர்கள் இருவரும் தங்கள் நகைகள், பொருட்களைப் பெற்றுக்கொண்டுவிட்டனர். எதிர்காலத்தில் ஜீவனாம்சம் உள்ளிட்ட எந்தக் கோரிக்கையும் இல்லை.' நகை வாங்கினீர்களா? இல்லை. நாளைக்கு நீங்கள் கேட்டால் உங்கள் கையெழுத்தையே உங்கள் முன் நீட்டுவார்கள். மகளுக்கான பராமரிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக்கொடுத்து இல்லாமல் ஆக்க முடியாது என்றாலும், பிறகு அதற்காக நீங்கள்தான் படி ஏற வேண்டியிருக்கும்.

'ஒரே வக்கீல் இருவருக்கும்' என்பது செலவு மிச்சம் போலத் தெரியும். பரஸ்பர சம்மத மனுவை இருவரும் சேர்ந்துதான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வக்கீல் உங்கள் கணவர் வீட்டாருக்கு ஏற்கெனவே ஆலோசனை சொன்னவர். அவர்கள் பெயரில் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவரும் அவரே. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு நிற்கக் கூடாது என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் சொல்கின்றன. ஆகவே உங்களுக்கு இப்போது வேண்டியது உங்கள் ஒருவருக்காக மட்டும் அந்த ஏழாவது பத்தியை வாசிக்கும் வக்கீல்.

'ஆறு மாசத்துல முடிஞ்சிரும்' என்பதும் சரியில்லை. கிறிஸ்தவத் திருமணத்துக்குப் பொருந்துவது 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்தில் சேர்ந்த அதன் 10ஏ பிரிவின்படி, சேர்ந்து மனுக் கொடுக்க இருவரும் இரண்டு ஆண்டுகளாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த கட்டம். நீங்கள் பிரிந்து 14 மாதம்தான் ஆகிறது. உங்கள் தோழிக்கு ஓராண்டுப் பிரிவே போதுமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடையது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், 13பி பிரிவில் நடந்த வழக்கு. அங்கே ஓராண்டுதான். அந்த ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்குகளில் குறைக்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தச் சட்டத்தின் கீழ்தான். பக்கத்து வீட்டுக்காரரின் வழக்கை வைத்து நம் வழக்கைக் கணக்குப் போடுவது நம் மாவட்டத்தில் அதிகம். ஒரே தெருவில் மூன்று மதத்தவரும் வாழ்கிறோம், ஆனால் திருமணச் சட்டம் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

இன்னொன்றும் இதோடு சேரும். கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அந்த இரண்டு ஆண்டை ஓராண்டு என்று வாசிக்க வேண்டும் என்றது. 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் காத்திருப்பும் செல்லாது என்றது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கேட்கும் பதிலும் நாகர்கோவிலில் கேட்கும் பதிலும் வேறுபடுவது இதனால்தான். நம் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. நீங்கள் பார்க்கப்போகும் வக்கீலிடம் இதையே கேளுங்கள்: "எனக்கு 10ஏ பிரிவில் எத்தனை வருடம் பிரிந்திருக்க வேண்டும்? இங்கே எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?" கிறிஸ்தவ விவாகரத்து வழக்கு நடத்திப் பழகியவர் தயங்காமல் விளக்குவார். 'எல்லாத்துக்கும் ஓராண்டுதான்' என்று பதில் வந்தால் அவரிடம் கேஸ் கட்டைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

உங்கள் வழக்குகள் எவை?

முதலாவது விவாகரத்து. திருமணம் உங்கள் பங்கு ஆலயத்தில் நடந்ததால் நாகர்கோவிலில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் நீங்கள் மனுப் போடலாம். இரண்டு ஆண்டு காத்திருக்காமலே கொடுமையைக் காரணம் காட்டி 10ஆம் பிரிவில் தனியாகக் கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும், நாளும் ஆகும். பிரிந்து இரண்டு ஆண்டாகும்வரை பொறுத்திருந்து, நகை, பணம், மகள் மூன்றுக்கும் முதலில் ஒழுங்கான ஒப்பந்தம் பேசி, பிறகு சம்மத மனுவுக்குப் போவது இன்னொரு வழி. இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை உங்கள் ஆதாரங்களும் கணவரின் மனநிலையும் தீர்மானிக்கும்.

இரண்டாவது பராமரிப்பு. உங்களுக்கும் மகளுக்கும் மாதாந்தரத் தொகை கேட்க விவாகரத்து வழக்குத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. நீங்கள் சம்பாதிப்பதால் எதுவும் கிடைக்காது என்று எண்ண வேண்டாம். உங்கள் பள்ளிச் சம்பளத்தையும் மஸ்கட் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கோர்ட் முடிவு செய்யும். இருவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

மூன்றாவது, நகையும் அடியும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடம், அதாவது குழித்துறையிலேயே, மனுக் கொடுக்கலாம். பாதுகாப்பு, பணம், நகையைத் திருப்பித் தரும் உத்தரவு எல்லாம் ஒரே மனுவில் கேட்க முடியும். சீதன நகை பெண்ணுடையது, கணவர் வீட்டார் அதைப் பாதுகாக்க மட்டுமே கடமைப்பட்டவர்கள் என்பதை 1985இலேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆக, உங்களுக்கு வேண்டிய வக்கீல் கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டம் தெரிந்தவர், நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்திலும் குழித்துறையிலும் வாய்தாவுக்கு வந்து நிற்கக்கூடியவர், வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குச் சம்மன் அனுப்பி, சம்பளத்தை நிரூபித்த அனுபவம் உள்ளவர். இந்த மூன்றையும் வைத்துப் பெயர்களைப் பார்ப்போம்.

உங்கள் முன் இருக்கும் பெயர்கள்

தாய்மாமா சொல்லும் வக்கீல் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வழித்தகராறும் விவாகரத்தும் வேறு வேறு உலகம். நில வழக்கில் ஆவணம் பேசும். குடும்ப வழக்கில் நீங்கள் பேச வேண்டும். அவரிடம் இந்த வகை வழக்கு எவ்வளவு நடத்தியிருக்கிறார் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: அவருக்கு முதலில் பழக்கம் உங்கள் மாமாவோடு. உங்கள் வழக்கில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு முன் மாமாவுக்குத் தெரியும் நிலை வரக் கூடாது. 'என்னைக் கேட்காமல் என் விஷயத்தை யாரிடமும், என் வீட்டாரிடமும் சொல்லக் கூடாது' என்று முதல் நாளிலேயே சொல்லுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. அன்பியக் கூட்டத்தில் பேச்சாகும் என்ற உங்கள் பயத்துக்கும் இதுதான் பாதி மருந்து. குடும்ப நீதிமன்றத்தில் நீங்கள் கேட்டால் மூடிய அறையில் விசாரிப்பார்கள் என்பது மறு பாதி.

திருவனந்தபுரத்துப் பெரிய வக்கீல் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வாய்தாவுக்கு வாய்தா நாகர்கோவிலுக்கு வர மாட்டார். இங்கே ஒரு ஜூனியரை ஏற்பாடு செய்வார். அப்படியானால் உங்கள் வழக்கை நடத்தப்போவது அந்த ஜூனியர்தான். பெயருக்கு ஒருவர், வேலைக்கு ஒருவர், ஃபீஸ் இருவருக்கும்.

வீடியோ வக்கீலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வக்கீல்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பது விதிப்படி தடைசெய்யப்பட்டது. இணையதளங்கள் வழியாக வக்கீல் சேவையை விளம்பரப்படுத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை எளிதாக விளக்கும் வீடியோக்களைக் குறை சொல்லவில்லை, அவற்றைப் பார்த்து நீங்கள் பலவற்றைத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஆனால் '90 நாளில் நிச்சயம்' என்று சொல்லும் யாரும் உங்கள் திருமணச் சான்றைக்கூடப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பு என்ன செய்யும், கோர்ட் என்ன நினைக்கும் என்பது எந்த வக்கீல் கையிலும் இல்லை. முடிவை உறுதியாகச் சொல்கிறவரை விட்டுவிடுங்கள். உங்கள் வழக்கின் பலவீனத்தை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறைமாவட்ட நடுவர் மன்றம் தரும் திருமண ரத்து உங்கள் விசுவாசத்துக்கும், நாளை ஆலயத்தில் மறுமணம் செய்யும் உரிமைக்கும் முக்கியமானது. அதை நீங்கள் நாடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அது நாட்டுச் சட்டத்தின் முன் உங்கள் திருமணத்தை முடிக்காது. 1996இல் மாலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது, 2017இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆலய ரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் அந்த இரண்டாவது திருமணம் செல்லாது, குற்ற வழக்கும் வரலாம். முத்திரைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிக்கொள்ளும் பிரிவினைக்கும் இதே கதிதான்.

பெண் வக்கீல்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். படுக்கையறை வரை போகிற விஷயங்களைச் சொல்ல வேண்டிய வழக்கு இது. ஆண் ஒருவரிடம் சொல்லக் கூசினால் பெண் வக்கீலிடமே போங்கள், அது போதுமான காரணம். சொல்லாமல் விட்டது மனுவில் வராது, மனுவில் வராததைப் பிறகு சாட்சியத்தில் சேர்ப்பது மிகக் கஷ்டம். மற்றபடி பெண் என்பதற்காக மட்டும் திறமை கூடவோ குறையவோ செய்யாது.

இன்னொரு வகை வக்கீலிடம் கவனமாக இருங்கள். கேட்டதும் 'முதல்ல மகளிர் ஸ்டேஷன்ல கேஸைப் போடுவோம், மஸ்கட்ல இருந்து ஓடி வருவான்' என்பவர். கணவரோ அவர் வீட்டாரோ செய்த கொடுமைக்குக் குற்றப் புகார் கொடுப்பது உங்கள் உரிமை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. நடந்ததை நடந்தபடி எழுதி, தண்டனை வேண்டும் என்று நீங்கள் உண்மையில் விரும்பினால் கொடுங்கள். ஆனால் பேரம் பேச அதை ஆயுதமாக்கி, ஊரில் இல்லாத நாத்தனாரையும் சேர்த்து எழுதினால் உங்கள் உண்மையான புகாரும் சேர்ந்தே பலவீனப்படும். பிறகு சமாதானம் ஆனாலும் அந்த வழக்கை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது, ரத்துக் கேட்டு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். இந்த விளைவுகளை எல்லாம் சொல்லிவிட்டு முடிவை உங்களிடம் விடுகிறாரா என்று பாருங்கள்.

முதல் சந்திப்பு

கை வீசிக்கொண்டு போகாதீர்கள். ஆலயத்தின் திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்கள், நகைக் கடை பில்கள், அடகுச் சீட்டு, விளை விற்ற பத்திரத்தின் நகல், கணவர் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், அடிபட்டபோது மருத்துவமனைக்குப் போன சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள். எல்லாவற்றுக்கும் நகல் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். திருமணத்திலிருந்து இன்றுவரை நடந்ததைத் தேதி வாரியாக இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வாட்ஸ்அப் செய்தியைக் கோர்ட்டில் ஆதாரமாக்குவது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்று வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். பழைய போனைத் தூக்கிப் போடாதே என்றும் சொன்னால் இன்னும் நல்லது.

பேச்சைத் தொடங்கும் முன்பே கணவர் பெயர், மாமனார் பெயர், ஊர் மூன்றையும் சொல்லி, அவர்களுக்கு இவர் உறவா, முன்பு வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். நம் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் தூரத்து உறவு இல்லாதவர் யார்? மனம்விட்டுப் பேசிய பிறகு தெரிந்து பயனில்லை. அதே சமயம், உங்கள் வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் கோர்ட் வாசலில் சேர்ந்து டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு 'விலை போய்விட்டார்' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே வக்கீல் சங்கத்தில் இருபது வருடம் பழகியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அந்தப் பழக்கம் சமரசப் பேச்சில் உங்களுக்கு உதவவும் செய்யும்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வழி. ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் வக்கீல் பெயரை வைத்து வழக்குகளைத் தேடலாம். நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்தில் அவர் பெயரில் வழக்கு இருக்கிறதா, எத்தனை வாய்தா தாண்டியிருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டாவது, ஒரு வேலை நாளில் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உள்ளே நடப்பதைக் கேட்க முடியாவிட்டாலும், எந்த வக்கீல் கட்சிக்காரரின் பக்கத்தில் நின்று அடுத்து என்ன என்று விளக்குகிறார், யார் குமாஸ்தாவை மட்டும் அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். காத்திருக்கும் பெண்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வக்கீல் மனுப் போட்டு அனுமதி வாங்குவது வழக்கமாக நடப்பதுதான். ஆனாலும் கவுன்சலிங் அறையில் நீங்களும் கணவர் தரப்பும்தான் உட்காருவீர்கள். நீதிபதி பல நேரம் உங்களிடமே கேட்பார். ஆகவே கோர்ட்டில் சத்தமாக வாதாடுகிறவரைவிட, முந்தின நாள் உங்களை உட்கார வைத்து 'இதைக் கேட்பாங்க, பதறாம உள்ளதைச் சொல்லுங்க' என்று தயார்ப்படுத்துகிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

ஃபீஸ்

வெட்கப்படாமல் கேளுங்கள். நோட்டீஸ் பதிலுக்கு எவ்வளவு, ஒவ்வொரு மனுவுக்கும் எவ்வளவு, வாய்தாவுக்கு வாய்தா தனியாகவா, மொத்தமாகவா, டைப்பிங், நகல் மனு, குமாஸ்தா செலவு இதில் அடங்குமா, மதுரைக்கு அப்பீல் போனால் என்ன கணக்கு? ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 'கிடைக்கிற ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு எனக்கு' என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்திருக்கின்றன. அப்படி ஒருவர் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கணவரிடம் கேட்க விவாகரத்துச் சட்டத்தின் 36ஆம் பிரிவு வழி தருகிறது. இதை அவராகவே உங்களுக்குச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

இலவச சட்ட உதவி மானக்கேடு அல்ல என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள் வருமான வரம்பு இல்லாமலே இதற்குத் தகுதியானவர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே நியமிக்கப்படும் வக்கீலும் பார் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான். நான் மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேளுங்கள், பொருந்தாவிட்டால் வேறொருவரை நியமிக்கும்படி எழுதிக் கொடுக்கலாம். குறைந்தபட்சம் நோட்டீசுக்குப் பதில் சொல்லவும், இரண்டாவது கருத்துக் கேட்கவும் அந்தக் கதவைத் தட்டலாம்.

வக்கீலை மாற்ற முடியும். 'ஆட்சேபணை இல்லை' என்று பழைய வக்கீலிடம் எழுதி வாங்கி, புதியவர், அவர் உங்களுக்காக வாதாட நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் வக்காலத்தைத் தாக்கல் செய்வார். மறுத்தால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடத்தை மோசமென்றால் புகார் போக வேண்டிய இடம் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். நுகர்வோர் நீதிமன்றத்தில் வக்கீல் மீது வழக்குப் போட முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு. இத்தனை இருந்தாலும், வழக்கு நடுவில் மாற்றினால் பணமும் நாளும் போகும். ஆகவே வக்காலத்தில் கையெழுத்திடும் முன் வாசியுங்கள், அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத்தாளிலோ எந்தக் காரணத்துக்கும் கையெழுத்திடாதீர்கள், கேட்பவர் உங்கள் சொந்த வக்கீலாக இருந்தாலும்.

இப்போது செய்ய வேண்டியது

நோட்டீசின் 15 நாள் முடிந்தால் விவாகரத்து தானாக ஆகிவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். ஆகாது. அது ஒரு வக்கீலின் கடிதம், கோர்ட்டின் உத்தரவல்ல. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் ஒரு நாளும் அசட்டையாக இருக்காதீர்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். நோட்டீசுக்கும் பதில் அனுப்புவதே நல்லது, ஏனென்றால் 'நகையைப் பெற்றுக்கொண்டார்' என்று அவர்கள் அதிலும் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்காமல் விட்டால் பிறகு அதையே கேட்பார்கள்.

இந்த வாரத்திலேயே இரண்டு பேரைப் பாருங்கள்: நாகர்கோவிலில் குடும்ப வழக்கு நடத்தும் ஒருவர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒருவர். அப்பாவையோ ஒரு தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பேசுவது நீங்களாக இருக்கட்டும். யாரைத் தேர்ந்தெடுத்தாலும், பதில் நோட்டீஸ் தபாலில் போகும் முன் அதன் நகலை வாங்கி முழுக்க வாசியுங்கள். நீங்கள் சொல்லாத ஒரு வரி அதில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். சலித்துக்கொள்ளாமல் நீக்கித் தருகிறவரிடமே வக்காலத்தைக் கொடுங்கள்.